அசல் சட்டைக்கு யார் சாட்சி?

இந்தியக் கிரிக்கெட் அணியின் சீருடையைத் தயாரிக்கும் உரிமை 2023-ஆம் ஆண்டு அடிடாஸ் நிறுவனத்திடம் வந்தபோது, ஒரே அணியின் சட்டை மூன்று விலைகளில் விற்பனைக்கு வந்தது. களத்தில் வீரர்கள் அணிவதற்கு நிகரானது 4,999 ரூபாய். அதன் 'ரெப்ளிகா' பதிப்பு 2,999 ரூபாய். ரசிகர்களுக்கான எளிய சட்டை 999 ரூபாய். மூன்றும் அசல். போட்டி நாளன்று விளையாட்டரங்கின் வெளியே நடைபாதையில் அதே நீல நிறச் சட்டையைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம். அது போலி. இவற்றுக்கு இடையில், கைப்பேசித் திரையில் வந்துபோகும் விளம்பரம் ஒன்று, 'இன்று மட்டும்' என்ற அவசரத்தோடு, வீரர்கள் அணியும் சட்டையையே பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறது. அது அசலா, போலியா என்பதை வாங்குபவர் எவ்வாறு அறிவார்?

இக்கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடை ஒரு பட்டியல்: தையலைப் பாருங்கள், சின்னத்தைப் பாருங்கள், எழுத்துப்பிழை உள்ளதா என்று பாருங்கள். பயனுள்ள அறிவுரைதான். ஆனால், போலியைக் கண்டறியும் கடமை முழுவதையும் வாங்குபவரின் கண்ணிலும் விரலிலும் ஏற்றிவிட்டு, விற்பவர், விற்பனைத் தளம், சட்டம் ஆகிய மூன்றையும் ஒதுங்கி நிற்க அனுமதிக்கும் அறிவுரை அது. இந்தச் சுமை யாருக்கு உரியது என்பதே நாம் விவாதிக்க வேண்டிய பொருள். உலகின் விளையாட்டு ஆடைகளில் கணிசமான பகுதியைத் தைத்தனுப்பும் திருப்பூர் நம் மாநிலத்தில் இருப்பதால், இவ்விவாதத்தில் நமக்குள்ள அக்கறை பிறரைவிடக் கூடுதல்.

முதலில், ஏமாற்றம் எங்கே நிகழ்கிறது என்பதைச் சரியாக இனங்காண வேண்டும். ஜீன் கிராஸ்மன், கார்ல் ஷாபிரோ என்னும் இரு அமெரிக்கப் பொருளியலாளர்கள் 1988-இல் போலிப் பொருள்களை இரண்டாகப் பிரித்தார்கள். வாங்குபவரை ஏமாற்றும் போலி ஒன்று. போலி என்று தெரிந்தே வாங்கப்படும் போலி மற்றொன்று. சேப்பாக்கத்தில் போட்டி தொடங்கும் முன் நடைபாதையில் மஞ்சள் சட்டை வாங்கி, அங்கேயே தலைவழியாக மாட்டிக்கொண்டு உள்ளே ஓடும் கல்லூரி மாணவரை எவரும் ஏமாற்றவில்லை. சின்னத்துக்கு உரியவரின் உரிமை அங்கே மீறப்படுகிறது. அது சட்டப்படி குற்றம்தான். ஆயினும் கொடுத்த காசுக்கு என்ன கிடைக்கும் என்பதை அம்மாணவர் நன்கறிவார். ஒரு மாலைப் பொழுதுக்கு அது போதும் என்பது அவருடைய கணக்கு.

மாறாக, மகனின் மாவட்ட அளவிலான ஓட்டப் போட்டிக்காக, சேமித்த பணத்தில் 2,400 ரூபாய் செலுத்தி 'அசல்' என்ற உறுதிமொழியோடு இணையத்தில் வாங்கும் பெற்றோரை எண்ணிப்பாருங்கள். மூன்றாவது சலவையில் சின்னம் உரிகிறது. வியர்வையை வெளியேற்ற வேண்டிய துணி உடலோடு ஒட்டிக்கொள்கிறது. நட்டப்படுபவர் இவரே. மிக மலிவான விலை தானாகவே ஓர் எச்சரிக்கை. அதைக் கண்டவுடன் எவரும் சுதாரித்துக்கொள்வர். அசலின் விலையில் முப்பது, நாற்பது விழுக்காடு மட்டும் குறைத்து விற்கப்படும் போலிதான் ஆபத்தானது. 'ஆண்டு முடிவுத் தள்ளுபடியாக இருக்கலாம்' என்று நம்புவதற்கு அவ்விலை இடமளிக்கிறது. உண்மையான நிறுவனங்களே ஆண்டு முழுதும் தள்ளுபடி விற்பனை நடத்திப் பழக்கிவிட்டதால், விலை என்ற பழைய அளவுகோல் பழுதாகிவிட்டது. இதில் அந்நிறுவனங்களுக்கும் பங்குண்டு.

இனி, கண்ணும் கையும் என்ன சொல்லும் என்று பார்ப்போம். விளையாட்டு ஆடையில் தோளிலும் அக்குளிலும் வரும் தையல் பெரும்பாலும் தட்டையாக இருக்கும். பின்னலாடைத் தொழிலில் அதை 'ஃபிளாட்லாக்' என்பார்கள். ஓடும்போதும் பந்து வீசும்போதும் தோல் உரசிப் புண்ணாகாமல் இருக்கவே அந்த ஏற்பாடு. அதற்கான இயந்திரமும், அதை ஓட்டத் தெரிந்த தையல்காரரும் கூடுதல் செலவு. ஆகவே மலிவான போலியில் சாதாரண 'ஓவர்லாக்' தையலே இருக்கும். உட்புறம் திருப்பிப் பார்த்தால் தடித்த விளிம்பும் வெட்டப்படாத நூல் முனைகளும் தெரியும். துணியின் உட்புறத்தில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்ப்பது மற்றொரு சோதனை. வியர்வையைக் கடத்துவதற்கென்றே நெய்து பதப்படுத்திய பாலியெஸ்டர் அதை விரைவில் பரப்பிவிடும்; வெறும் மலிவுப் பாலியெஸ்டரில் அது முத்துப்போல் நிற்கும். உள்ளே தைத்திருக்கும் சலவைக் குறிப்புச் சீட்டில் மாதிரி எண் இருக்கும். நைக்கி ஆடைகளில் ஆறு இடங்கள், ஒரு சிறு கோடு, பிறகு நிறத்தைக் குறிக்கும் மூன்று இலக்கங்கள் என அமைந்த குறியீடு அது. அதை இணையத்தில் தேடினால் கையிலுள்ள அதே ஆடையின், அதே நிறத்தின் படம் வர வேண்டும். கறுப்பு அரைக்கால்சட்டையின் எண்ணைத் தேடியதும் பெண்களுக்கான சிவப்பு மேற்சட்டை வந்தால், மேலும் ஆராயத் தேவையில்லை.

இவை அனைத்தும் அலட்சியமான போலியைப் பிடிக்கும். அக்கறையான போலியிடம் தோற்கும். உண்மையான மாதிரி எண்ணை உண்மையான சீட்டிலிருந்து அப்படியே எடுத்து அச்சிடுவதற்கு என்ன செலவாகிவிடும்? சந்தையில் 'ஃபர்ஸ்ட் காப்பி', 'மாஸ்டர் காப்பி' என்றெல்லாம் போலிக்குள்ளேயே தரவரிசை ஏற்பட்டுவிட்டது. தரவரிசையில் மேலே உள்ளது ஃபிளாட்லாக் தையலோடுதான் வருகிறது. போலியைக் கண்டறியும் குறிப்புகள் எங்கெல்லாம் வெளியாகின்றனவோ, அங்கெல்லாம் அவற்றை முதலில் வாசிப்பவர் போலி தயாரிப்பவரே. அடுத்த தொகுதியில் அக்குறை திருத்தப்பட்டிருக்கும்.

அசலும் எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுவதில்லை என்பது அடுத்த சிக்கல். கால்பந்து ரசிகர்களுக்கு இது நன்கு தெரியும். வீரர்கள் அணியும் பதிப்பில் அணியின் சின்னம் எடை குறைவதற்காக வெப்பத்தால் ஒட்டப்பட்டிருக்கும். மலிவான ரெப்ளிகாவில்தான் நூலால் பூவேலை செய்யப்பட்டிருக்கும். 'ஒட்டிய சின்னம் போலி, தைத்த சின்னம் அசல்' என்று நம்பும் ஒருவர், விலையுயர்ந்த அசலைப் போலி என்று ஒதுக்கிவிடுவார். ஒரே மாதிரிச் சட்டை இரண்டு, மூன்று நாடுகளின் ஆலைகளில் தைக்கப்படுவதும் உண்டு. சீட்டின் எழுத்தளவும் மடிப்பும் ஆலைக்கு ஆலை சற்றே மாறலாம். ஆண்டுக்கு இரண்டு சட்டை வாங்கும் குடும்பத்திடம் இந்த நுட்பங்களையெல்லாம் எதிர்பார்ப்பது நியாயமா?

இங்கேதான் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் எழுதிய சிறு கட்டுரை நினைவுக்கு வருகிறது. பின்னாளில், 2001-இல், மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அடிப்படையாக அமைந்த கட்டுரை அது. அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பழைய கார்ச் சந்தை. வகுப்பில் நான் அதைத் திருப்பூர் பனியனாக மாற்றிச் சொல்வது வழக்கம். காரே வாங்காத மாணவர்களுக்கு அதுதான் விளங்கும். நல்ல பனியனையும் மட்டமான பனியனையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாவிட்டால், இரண்டுக்கும் சராசரி விலையே கொடுப்பார். நல்லதைத் தயாரிப்பவருக்கு அவ்விலை கட்டாது, அவர் விலகுவார். சந்தையில் சராசரித் தரம் மேலும் இறங்கும், விலையும் இறங்கும். இப்படியே போனால் கடைசியில் மட்டமானது மட்டுமே மிஞ்சும். இதைத் தடுக்க, நல்ல தயாரிப்பாளர் ஓர் அடையாளத்தைக் காட்ட வேண்டும் என்றார் ஸ்பென்ஸ். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அவ்வடையாளத்தைக் காட்டுவது நல்லவருக்கு எளிதாகவும் மோசடிக்காரருக்குக் கடினமாகவும் இருக்க வேண்டும். இருவருக்கும் ஒரே செலவு என்றால் அதற்குப் பெயர் அடையாளமன்று, அலங்காரம்.

மின்னும் ஹோலோகிராம் ஒட்டி, தைத்த சின்னம், அட்டைச் சீட்டு ஆகியவற்றின் நிலை இன்று அதுவே. க்யூஆர் குறியீடும் இதற்கு விலக்கல்ல. ஒரே ஓர் அசல் சட்டையின் குறியீட்டைப் படமெடுத்து ஆயிரம் போலிகளில் அச்சிட்டால், ஆயிரமும் நிறுவனத்தின் உண்மையான வலைத்தளத்துக்கே இட்டுச்செல்லும்; 'அசல்' என்றும் திரை சொல்லும். ஒவ்வொரு சட்டைக்கும் தனி எண், அந்த எண் இதற்கு முன் எத்தனை முறை, எந்த ஊரில் சோதிக்கப்பட்டது என்ற விவரம், விற்பனையானதும் அந்த எண்ணை முடக்கும் ஏற்பாடு ஆகியவை இருந்தால்தான் அதற்குப் பொருளுண்டு. தொழில்நுட்பம் உள்ளது. ஆனால் அதைக் கடைசிக் கடைக்காரர்வரை கொண்டுசெல்லப் பெரும்பாலான நிறுவனங்கள் மெனக்கெடுவதில்லை.

திருப்பூருக்கு வருவோம். இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அந்நகரத்துக்கு உரியது. 2024-25 நிதியாண்டில் அதன் ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். நூல், பின்னல், சாயம், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் என ஒரு சட்டை பல கைகள் மாறித்தான் பெட்டிக்குள் போகிறது. பெரிய ஆலை வாங்கிய ஆர்டரின் ஒரு பகுதி, 'பவர் டேபிள்' எனப்படும் சிறு தையல் கூடங்களுக்கு ஜாப் ஒர்க்காகப் போவதும் உண்டு. இவ்வளவு நீண்ட சங்கிலியில் மிச்சம் விழாமல் இருக்காது. ஆயிரம் சட்டைக்கு ஆர்டர் என்றால், பழுதுக்கு ஈடாகச் சற்றுக் கூடுதலாகவே வெட்டுவார்கள். நிறம் அரை மாற்றுக் குறைந்தால் வெளிநாட்டு வாங்குநர் திருப்பி அனுப்புவார். சில நேரங்களில் ஆர்டரே ரத்தாகும். 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது இந்த அச்சம் எந்த அளவுக்குப் பரவியது என்பதைச் செய்தித்தாள் வாசிப்பவர்கள் அறிவார்கள்.

இப்படி எஞ்சியவை 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்' என்ற பெயரில் காதர்பேட்டைக்கு வருகின்றன. அங்கிருந்து நாட்டின் எல்லாப் பகுதிகளுக்கும் மூட்டைகளாகப் போகின்றன. ஒழுங்கான ஏற்றுமதியாளர், ஒப்பந்தப்படி, கழுத்தில் உள்ள சின்னச் சீட்டை வெட்டிவிட்டுத்தான் கொடுப்பார். அவ்வாறு வெட்டப்பட்ட சட்டை, துணியாலும் தையலாலும் அசல், பெயரால் எதுவுமில்லை. அதை நல்ல விலைக்கு வாங்குபவர் கெட்டிக்காரர் என்றே சொல்வேன்.

சீட்டு வெட்டப்படாமல் வெளியே வந்த சட்டையை என்னவென்பது? அதே ஆலை, அதே துணி, அதே ஊசி. ஆனால் சின்னத்துக்கு உரியவர் தரச் சோதனையில் ஒதுக்கியது, அல்லது விற்க அனுமதிக்காதது. அதற்கும் அப்பால், மிஞ்சிய துணியில் ஆர்டருக்கு மேல் கள்ளத்தனமாகத் தைத்த சட்டைகள் உண்டு. காலணித் தொழிலில் சீனாவின் ஃபூஜியான் மாகாணத்திலுள்ள புதியான் நகரம் இதற்குப் புகழ்பெற்றது. உலக நிறுவனங்களுக்கு ஒப்பந்த அடிப்படையில் காலணி செய்து தேர்ந்த அதே ஊர், அத்தேர்ச்சியைப் போலிக்கும் பயன்படுத்தியது. கைத்திறன் ஒன்றாக இருக்கும்போது தையலைப் பார்த்துப் பிரிப்பது வீண்.

இவற்றையெல்லாம்விட மோசமானது மற்றொன்று. ஏற்றுமதிக்கு ஒருநாளும் போகாத, போவதற்கென்றே தைக்கப்படாத மட்டமான சட்டையில் வெளிநாட்டுச் சின்னத்தை ஒட்டி, பிறகு அதை 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்' என்று விற்பது. இது போலியின் போலி. வாங்குபவர் ஏதேனும் ஒரு குறையைச் சுட்டினால், 'அதனால்தான் சார் ரிஜக்ட் ஆச்சு' என்ற விடை தயாராக இருக்கும். குறையையே அசலுக்குச் சான்றாக மாற்றிவிடும் இந்தச் சாமர்த்தியத்தின் முன் எந்தக் கண்ணும் விரலும் தோற்றுவிடும். உண்மையான மிச்சத்தை நேர்மையாக விற்கும் காதர்பேட்டை வியாபாரியின் பிழைப்பில்தான் இது மண்ணைப் போடுகிறது. அக்கர்லாஃப் சொன்ன சரிவு நம் கண்ணெதிரே நடக்கும் இடம் இது.

பன்னாட்டு நிறுவனங்கள் சில டாலருக்குத் தைத்து வாங்கிய சட்டையைப் பல மடங்கு விலைக்கு விற்கின்றன. அவர்களுக்கு நட்டம் வந்தால் நமக்கென்ன என்ற கேள்வி எழுவது இயல்பு. அதில் நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். அசலின் விலையில் ஒரு பகுதி தரத்துக்கும் ஆய்வுக்கும் உத்தரவாதத்துக்கும் உரியது. மற்றொரு பகுதி சின்னத்தின் தனியுரிமையால் வரும் உபரி. அந்த உபரியைக் காப்பாற்றுவது இந்திய அரசின் கடமைகளில் முதன்மையானதாக இருக்க வேண்டியதில்லை. போலிகளின் கேட்டைப் பற்றி வெளியாகும் பெரிய எண்களையும் சற்று எச்சரிக்கையோடு வாசிக்க வேண்டும். பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பும் ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவுசார் சொத்துரிமை அலுவலகமும் சேர்ந்து 2025-இல் வெளியிட்ட மதிப்பீடு, 2021-இல் உலக அளவில் நடந்த போலிப் பொருள் வணிகத்தை 46,700 கோடி டாலர் என்கிறது. பறிமுதலானவற்றில் 62 விழுக்காடு ஆடை, காலணி, தோல் பொருள்கள். சுங்கத் துறை பிடித்தவற்றைக் கொண்டு பிடிபடாதவற்றைக் கணிக்கும் முறை இது. உள்நாட்டிலேயே தயாராகி உள்நாட்டிலேயே விற்பவை இக்கணக்கில் வருவதே இல்லை. நம் சந்தையின் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகை.

உடல்நலம் பற்றிய வாதமும் இருமுனைக் கத்தி. அமெரிக்க ஆடை, காலணி நிறுவனங்களின் சங்கம் 2022-இல் 47 போலிப் பொருள்களை ஆய்வகத்தில் சோதித்ததில், 17 பொருள்களில் ஈயம், காட்மியம், ஆர்சனிக் போன்றவை பாதுகாப்பு வரம்பை மீறி இருந்தன. இது தொழில் நடத்துவோரின் சங்கம் செய்த சோதனை என்பதை மறக்க வேண்டியதில்லை. அதே ஆண்டில், அமெரிக்காவின் சுற்றுச்சூழல் நல அமைப்பு ஒன்று, பெயர்பெற்ற நிறுவனங்களின் அசல் விளையாட்டு உள்ளாடைகளிலேயே பிஸ்பினால்-ஏ என்னும் வேதிப்பொருள் கலிபோர்னியாவின் வரம்பைப்போல் 22 மடங்கு வரை இருக்கக்கூடும் என்று எச்சரித்தது. அசலும் முழுப் பாதுகாப்பு அன்று. ஆனால் அசல் விஷயத்தில் அந்த அமைப்பால் நோட்டீஸ் அனுப்ப ஒரு முகவரி இருந்தது.

அந்த முகவரிதான் இங்கே முக்கியம். வணிகச் சின்னம் என்பது அடிப்படையில், 'இதற்கு நான் பொறுப்பு' என்று ஒருவர் எழுதிக்கொடுக்கும் சீட்டு. அச்சீட்டின் மதிப்பு குலைந்தால் பெரிதும் அடிபடுபவர் நைக்கியோ பூமாவோ அல்ல; அவர்களிடம் புலனாய்வாளர்களும் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். முப்பது ஆண்டுகள் பிறர் பெயரில் தைத்துவிட்டு, இனித் தம் பெயரிலேயே ஓட்டப் பந்தயச் சட்டை விற்கலாம் என்று துணியும் திருப்பூர்க்காரரே அடிபடுகிறார். அவருடைய சட்டை 700 ரூபாய். அதே கடையில் உலகப் புகழ்பெற்ற சின்னத்தோடு தொங்கும் போலி 450 ரூபாய். தம் துணி சிறந்தது என்று அவர் எதைக் காட்டி நிரூபிப்பார்? போலி மலிந்த சந்தையில் புதிய பெயர் ஊன்ற முடியாது. பிறருக்குத் தைத்துக் கூலி வாங்கும் நிலையிலிருந்து அந்நகரம் மேலேறும் ஏணியைத்தான் போலிகள் உடைக்கின்றன. போலி தைக்கும் கூடம் கணக்கில் வராத கூடம். அங்கே வருங்கால வைப்புநிதியோ தொழிலாளர் ஈட்டுறுதியோ கிடையாது என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சட்டம் என்ன செய்கிறது? 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டப்படி, பிறர் சின்னத்தைப் பொய்யாகப் பயன்படுத்தினாலும் அத்தகைய பொருளை விற்றாலும் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரி வாரண்ட் இன்றியே சோதனையிடலாம். ஆனால் அதற்கு முன் வணிகச் சின்னப் பதிவாளரின் கருத்தைப் பெற வேண்டும். நடைமுறையில், சின்னத்துக்கு உரிய நிறுவனம் ஆள் வைத்துத் துப்பறிந்து, புகாரைத் தயாராகக் கொடுத்தால்தான் இந்தச் சக்கரம் சுழல்கிறது. சிறு நிறுவனத்துக்கு அந்த வசதி ஏது?

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அசல் என்று பொய்யாகச் சொல்லி விற்கப்படும் பொருளைத் தனியாக வரையறுத்துச் சிறைத் தண்டனையும் விதிக்கிறது. ஆனால் அத்தண்டனை, வாங்கியவருக்கு உடற்காயமோ மரணமோ நேர்ந்தால் எவ்வளவு என்றே படிநிலைகளாக எழுதப்பட்டிருக்கிறது. பணம் மட்டும் பறிபோனவருக்கு நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கேட்கும் வழிதான் உண்டு. அது நல்ல வழியே: தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, இணையம் வழியாகவே மனு அளிக்கலாம், ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்குக் கட்டணம் இல்லை. ஆயினும் 2,400 ரூபாய்ச் சட்டைக்காக எத்தனை பேர் ஆணையத்தின் படியேறுவார்கள்?

இணையவழி விற்பனைக்கான 2020-ஆம் ஆண்டு விதிகளில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதை அடைப்பதே உடனடித் தேவை. சந்தைத் தளங்கள் விற்பனையாளரின் பெயர், முகவரி ஆகியவற்றைக் காட்ட வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன அவ்விதிகள். வணிகச் சின்னச் சட்டத்தின் கீழ் நீக்கப்பட்ட பொருள்களை மீண்டும் மீண்டும் விற்க முன்வந்தவர்களின் பதிவேட்டைப் பேண முயல வேண்டும் என்றும் சொல்கின்றன. ஆனால் அப்படிப்பட்டவரைத் தளத்திலிருந்து விலக்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, விரும்பினால் விலக்கலாம். திருடர்களின் பெயர்ப்பட்டியலை எழுதி வைத்துக்கொண்டு, கதவையும் திறந்து வைக்கலாம் என்பதே இதன் பொருள்.

நீதிமன்றங்கள் இந்தத் திசையில் சற்று முன்னே நடந்திருக்கின்றன. காலணி வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் லூபுட்டான் தொடுத்த வழக்கில் தில்லி உயர்நீதிமன்றம் 2018-இல், விற்பனையில் தீவிரமாகப் பங்கெடுக்கும் தளம் 'நான் வெறும் இடைத்தரகன்' என்று சட்டக் காப்பை நாட முடியாது என்றது. குதிரைச் சின்னம் பொறித்த ஆடைகள் தொடர்பான வழக்கில் அதே நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2025 பிப்ரவரியில் அமேசானுக்கு எதிராக ஏறத்தாழ 340 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தார். அவ்வாண்டு ஜூலையில் இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்திவைத்தது. வழக்குக்கு வழக்கு எல்லை மாறிக்கொண்டிருந்தால் எவருக்கும் தெளிவு கிடைக்காது. நாடாளுமன்றம் எழுத வேண்டியதை நீதிமன்றம் எழுதிக்கொண்டிருக்கிறது.

பிற நாடுகளைப் பார்த்தால், இது இயலாத காரியமன்று என்று தெரியும். அமெரிக்காவில் 2023 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள ஒரு சட்டம், ஆண்டுக்கு 200 விற்பனையும் 5,000 டாலர் வருவாயும் எட்டிய விற்பனையாளரின் வங்கிக் கணக்கு, வரி எண், தொடர்பு விவரம் ஆகியவற்றைத் தளமே சரிபார்க்க வேண்டும் என்கிறது. போலிக்குப் பேர்போன சீனாவே, 2019-இல் கொண்டுவந்த மின்வணிகச் சட்டத்தில், அறிவிப்பு வந்தபின்னும் நடவடிக்கை எடுக்காத தளத்தை விற்பனையாளரோடு கூட்டாகப் பொறுப்பாக்கியது. இந்தியாவில், நீக்கப்பட்ட விற்பனையாளர் இரண்டாம் முறை அதே தவறைச் செய்தால் தளம் அவரை விலக்க வேண்டும். விலக்காவிட்டால் வாங்கியவருக்கு முழுப் பணத்தையும் தளமே தர வேண்டும் என்று விதியில் இரண்டு வரி சேர்த்தால் போதும். சரிபார்ப்பதற்கான வசதி, தரவு, பணம் மூன்றும் தளத்திடம் உள்ளன. குறைந்த செலவில் தடுக்கக் கூடியவர்மீது பொறுப்பைச் சுமத்துவதே பொருளியல் சொல்லும் முறை.

அதுவரை வாங்குபவர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அவர் ஆராய வேண்டிய இடத்தைச் சற்று மாற்றிக்கொள்ளலாம். சட்டையை உற்றுப் பார்க்கும் நேரத்தில் பாதியை விற்பவரைப் பார்ப்பதில் செலவிடுவது நல்லது. தளத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் நிறுவனப் பெயருக்குக் கீழே, சிறிய எழுத்தில் விற்பனையாளரின் பெயர் இருக்கும். சின்னத்துக்கு உரிய நிறுவனம் தன் வலைத்தளத்தில் தரும் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் விவரத்தோடு அதை ஒப்பிடலாம். ரசீதில் 15 இடங்கள் கொண்ட ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அந்த எண்ணை அரசின் ஜி.எஸ்.டி. தளத்தில் இட்டால், அது யாருடையது, இன்றும் நடப்பில் உள்ளதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ரசீது தர மறுப்பவர், பணத்தைத் தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொல்பவர், முகவரி காட்டாதவர் ஆகியோரிடம் தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் வாங்காமல் இருப்பது நலம். ஏமாந்தபின், சட்டையை வெட்டாமல், சலவை செய்யாமல், படமெடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். சட்டைத் துணியைப் போலி செய்வது எளிது. நடப்பில் உள்ள வரிப் பதிவையும் பதில் சொல்லும் முகவரியையும் போலி செய்வது அதைவிடக் கடினம். ஸ்பென்ஸின் நிபந்தனை இங்கே பெருமளவு நிறைவேறுகிறது.

காதர்பேட்டைக்கும் ஒரு வழி உண்டு. மிச்சச் சரக்கு வெளியே வரும்போது வெளிநாட்டுச் சின்னத்தை வெட்டுவதோடு நிறுத்தாமல், அந்த இடத்தில் தைத்தவரின் பெயரும் ஊரும் துணியின் விவரமும் கொண்ட சீட்டைத் தைக்கலாம். அந்த எண்ணைச் சரிபார்க்கும் பொதுத் தளம் ஒன்றைத் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கமும் மாநிலத் துணிநூல் துறையும் சேர்ந்து நடத்தலாம். எந்த வெளிநாட்டு நிறுவனத்தின் உரிமையும் இதில் மீறப்படாது. சீட்டு ஒன்றுக்கு ஆகும் செலவு சில பைசாக்கள். இதற்கு நாடாளுமன்றத்தின் அனுமதியும் தேவையில்லை. இப்போது கழுத்தில் வெட்டப்பட்ட நூல்முனைகளோடு, பெயரின்றி மூட்டை மூட்டையாகப் போய்க்கொண்டிருக்கும் அச்சட்டைகள், தரத்தில் நல்ல சட்டைகள்.